சொரசொரப்பான பக்கம்

எங்கள் சர்ச்சில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து "போர்வை முடிஞ்சிதா?" என்று கேட்டால், போர்வையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டு ஆளை எப்போது முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போகிறாய் என்று அர்த்தம். அங்கே போகிற யாரையும் கடையில் வாங்கின கம்பளியோடு அனுப்புவது இந்த ஊரில் வழக்கமில்லை. வீட்டுப் பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு போர்வை தைக்க வேண்டும், மூலையில் பேர் எழுதின நாடாவை வைத்து மடித்துத் தைக்க வேண்டும். அது அந்தக் கட்டிலில் விரிந்த பிறகுதான் ஆள் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் ஆளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாரும் போர்வையின் நலத்தைத்தான் விசாரிப்பார்கள். அவ்வளவு நாசூக்கு!

மார்லிஸிடம் கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. பதில் மட்டுமா அலுத்தது? எழுந்திருப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, வாசலில் பனியை ஒதுக்குவது, எல்லாமே அலுத்துவிட்டது. அன்று காலை பத்து மணிக் காபிக்கு வந்த பக்கத்துப் பண்ணை நெல்வா, கையோடு கொண்டுவந்த பாதாம் ரொட்டியை மேசையில் வைக்க இடம் தேடினாள். இடமில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கப் போர்வைதான் பரப்பியிருந்தது. அந்த வீட்டில் ரெண்டு மாதமாக எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எல்லாரும் என்றால் ரெண்டு பேர். மார்லிஸ் ஒருத்தி, அவளுடைய நாத்தனார் ஹெர்மினா ஒருத்தி.

"என்னடி, போர்வை முடிஞ்சிதா?" என்றாள் நெல்வா.

"அவளையே கேளு" என்று மார்லிஸ் தாடையால் காட்டினாள்.

ஹெர்மினா மேசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது கை மடியில் செத்த மீன் மாதிரி கிடக்கும். வலது கையில், வீட்டுக் கதவில் ஆள் பார்க்கப் பொருத்துகிற சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லென்ஸ் வழியே பார்த்தால் எல்லாம் தூரத்தில் சின்னதாகத் தெரியும். பூ, இலை, கோடு எல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். தப்பான இடத்தில் இருக்கிற துண்டு மூக்கில் பரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

"முடியறதா? நல்லா இருக்கே" என்றாள் ஹெர்மினா. "அந்த மூலைல பாரு, ஒரே கும்மிருட்டு. அதுல பத்து துண்டாவது மாத்தணும். அவசரப்பட்டா ஆகுமா, நெல்வா?"

"இப்படி மாத்திக்கிட்டே இருந்தா துணி நைஞ்சு போயிடும், அம்மா தாயே."

"நைஞ்சா வேற வெட்டிக்கலாம். எனக்கு வேற என்ன வேலை? ஓட்டப் பந்தயத்துக்கா போறேன்?"

நெல்வா சிரித்தாள். மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. காபியை ஊற்றினாள். ஊற்றும்போது வலது தோள் சுரீர் என்றது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்தத் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் நின்றது. காலையில் ஹெர்மினாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அங்கிருந்து பாத்ரூமுக்கு, திரும்ப நாற்காலிக்கு, மத்தியானம் மறுபடி கட்டிலுக்கு, சாயங்காலம் மறுபடி நாற்காலிக்கு. ஹெர்மினா ஒன்றும் பூஞ்சை உடம்புக்காரி இல்லை. அந்தக் குடும்பத்துக்கே கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. மார்லிஸோ இப்போது அறுபத்தேழு வயசில் காற்றடித்தால் விழுவாள். "இன்னும் கொஞ்ச நாள் தூக்கினீங்கன்னா அந்தத் தோள்ல மிச்சம் இருக்கறதும் அறுந்துடும். அப்புறம் உங்களைத் தூக்க ஒரு ஆள் வேணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டென்வரில் இருக்கிற மகன் போனில் நல்ல நல்ல யோசனையாகச் சொல்வான். யோசனை ஆளைத் தூக்குமா? வாரத்தில் ரெண்டு நாள் வருகிற நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அனுப்பிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சுலபமாகக் கேட்டுவிடலாம். ஹெர்மினா பிறந்தது அந்த வீட்டு மாடியறையில். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஒரு நாளும் வேறெங்கும் குடியிருந்ததில்லை. மார்லிஸ் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். உருளைக்கிழங்குத் தோலைக் கனமாகச் சீவுகிறாள் என்பதில் ஆரம்பித்த சண்டை நாற்பத்தி நாலு வருஷம் ஓடியது. இடையில் கெரிட் போய்ச் சேர்ந்தான். மார்லிஸின் புருஷன், ஹெர்மினாவின் தம்பி. அக்காவைப் பார்த்துக்கோ, கைவிட்டுடாதே என்றெல்லாம் அவன் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. டிராக்டரில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தான், அவ்வளவுதான். சத்தியம் வாங்கியிருந்தால் மீறியாவது தொலைக்கலாம். வாங்காத சத்தியத்தை என்ன செய்வது?

ஜனவரியில் ஒரு நாள் போர்வையை ஆரம்பித்தாள். ஹெர்மினாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அலமாரியிலிருந்து துண்டுத் துணிப் பெட்டியை இறக்கினதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்குத்தான்."

"ஓ" என்றாள் ஹெர்மினா. அன்று ராத்திரி சூப்பைத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் மார்லிஸ் மேசை மேல் கெரிட்டின் பழைய சாம்பல் நிறக் கம்பளியை விரித்தாள், இஸ்திரி போட மெத்தென்று இருக்கும் என்று. அதற்கு மேல் பசைத்துணியை விரித்தாள். இந்தப் பசைத்துணி வந்த பிறகுதான் சின்னச் சின்னச் சதுரங்களை வைத்துப் போர்வை தைப்பது மனுஷ வேலையாக ஆனது. வெள்ளையாக, மெல்லிசாக, கட்டம் கட்டமாகக் கோடு அச்சடித்து வரும். ஒரு பக்கம் வழவழ. மறுபக்கம் ரவையைத் தூவின மாதிரி பசை, தொட்டால் சொரசொர. சொரசொரப்பான பக்கம் மேலே வர வேண்டும். கட்டத்துக்கு ஒன்றாகத் துணிச் சதுரங்களை அடுக்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனசுக்குத் தோன்றின பிறகு மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினால் பசை உருகி அப்படியே பிடித்துக்கொள்ளும். அப்புறம் கோட்டில் மடித்து மடித்து நேராகத் தைத்துக்கொண்டே போகலாம். சூடு போடுகிறவரைக்கும் எந்தத் துண்டை வேண்டுமானாலும் மாற்றலாம். சூடு போட்டபின் அந்தக் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. குளிர்காலத்தில் சர்ச் சமையலறையில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறதே மார்லிஸ்தான். "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்று தொண்டை வறளக் கத்துவாள். ஒருத்தி தலைகீழாக வைத்துச் சர்ச் மேசை விரிப்போடு ஒட்டிவிட்டாள். பாவம், இன்றைக்கும் அவளைக் கேலி பண்ணுவதை விட்டபாடில்லை.

விரித்த அன்று சாயங்காலமே ஹெர்மினா நாற்காலியை மேசைப் பக்கம் தள்ளச் சொன்னாள். கையால் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு துண்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்ஸ் கஞ்சியைப் பசை என்று திட்டவில்லை. ராத்திரியில் மணியை அடித்து உயிரை வாங்கவில்லை. ஒரு நாள் மார்லிஸ் சாக்ஸ் மாட்டிவிட்டபோது "நன்றி" என்று வேறு சொன்னாள். மார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தி நாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. போவதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்கிறாள் போல என்று நினைத்தாள். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று வேதனையாகவும் இருந்தது.

ஆனால் போர்வைதான் முடிகிறபாடாக இல்லை. தினமும் லென்ஸ், தினமும் மாற்றம். மேலே இருந்த மஞ்சள் கீழே போகும், கீழே இருந்த பச்சை மேலே வரும், மறுநாள் ரெண்டும் பழைய இடத்துக்கே திரும்பும். மார்லிஸ் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லத் தெம்பில்லை.

நெல்வா கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். அன்று புதன்கிழமை. "அடுத்த கட்டில் எப்போ வரும்னு எங்களால சொல்ல முடியாதும்மா" என்றாள் அந்தப் பெண். கட்டில் எப்படிக் காலியாகும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

"சொல்றேன்" என்று மார்லிஸ் போனை வைத்தாள்.

"யாரு?" என்றாள் ஹெர்மினா மேசையிலிருந்து.

"ஹோம்லேருந்து. கட்டில் இருக்காம். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்."

"ஜன்னல் பக்கமா?"

"ஆமா."

"ஜன்னல்ல என்ன தெரியுமாம்? கார் நிறுத்தற எடந்தான் தெரியும்" என்றாள் ஹெர்மினா. ஒரு சிவப்புத் துண்டை எடுத்து ரெண்டு கட்டம் தள்ளி வைத்தாள். கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளவில்லை.

அவளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போன நேரத்தில்தான் அது நடந்தது. தூக்கி நிறுத்தும்போது மார்லிஸின் தோளுக்குள் ஏதோ படக் என்றது. கண்ணில் பூச்சி பறந்தது. பிடி நழுவி ரெண்டு பேரும் சுவரில் சாய்ந்து அப்படியே நின்றார்கள். விழவில்லை. சுவர் இருந்ததால் விழவில்லை.

"விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்" என்றாள் ஹெர்மினா, மூச்சு வாங்க.

"விட்டுட்டேன்" என்றாள் மார்லிஸ். "செவுருதான் பிடிச்சுது."

எப்படியோ தள்ளாடி அவளை நாற்காலியில் கொண்டுவந்து சேர்த்தாள். சமையலறையில் போய்த் தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அதற்கும் அசதியாக இருந்தது. போதும் என்று தோன்றியது. கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. போதும், அவ்வளவுதான். இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஹெர்மினா, இன்னிக்கு சூடு போட்டுடறேன்."

பெரிய ரகளை பண்ணுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்த மூலை சரியில்லை, இந்த ஓரம் இருட்டு என்பாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். ஹெர்மினா லென்ஸை மடியில் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு.

"போடேன். தாராளமா போடு" என்றாள்.

"அப்புறம் மாத்த முடியாது."

"தெரியாதா எனக்கு? போடும்மா, போடு."

மார்லிஸ் இடது கையால் போட்டாள். ஒரு மூலையில் ஆரம்பித்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைத்து, மெதுவாக வரிசை வரிசையாக நகர்ந்தாள். ஆவி கிளம்பியது. சூடான பருத்தித் துணி வாசனை அறை முழுக்க நிறைந்தது. ஹெர்மினா ஏதோ வேடிக்கை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையும் முடிந்தது. ஆறட்டும் என்று கொஞ்சம் விட்டு, மார்லிஸ் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

போர்வை வரவில்லை. கம்பளி வந்தது. மேலே இருந்த சதுரங்கள் சரசரவென்று சரிந்து தரையில் கொட்டின. மஞ்சள், பச்சை, சிவப்பு, ரெண்டு மாத வேலை அத்தனையும் செருப்பைச் சுற்றிக் கிடந்தது. பசைத்துணி மட்டும் கெரிட்டின் கம்பளியோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. வழவழப் பக்கம் மேலே.

மார்லிஸ் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஹெர்மினா சிரித்தாள். முகத்தின் ஒரு பாதி மட்டும்தான் சிரிக்கும் இப்போதெல்லாம், ஆனால் அந்தப் பாதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அடிப்பாவி! சூடு போடற வரைக்கும் போயிட்டியே! எங்க கடைசில நெஜமாவே பசைத்துணியத் திருப்பி வெச்சுடுவியோன்னு பாத்தேன். நல்ல நடிகைடி நீ."

"என்ன சொல்றே?"

"மொத நாளே தடவிப் பாத்தேனே. வழவழன்னு இருந்துது."

"உனக்குத் தெரியுமா?" மார்லிஸின் குரல் உயர்ந்தது. "ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தியா? ஏன் சொல்லலே?"

"சொல்றதாவது! நீ வேணும்னுதானே வெச்சே?"

மார்லிஸ் அவளைப் பார்த்தாள்.

"ஊருக்கே சொல்லிக் குடுக்கறவ நீ" என்றாள் ஹெர்மினா. "நீ போய் தப்பா வெப்பியா? ஊர் வாய மூட போர்வைய விரிச்சாச்சு, ஆனா அது ஒட்டாத மாதிரி விரிச்சிருக்கா, சரி, இவ என்னை அனுப்பப் போறதில்லன்னு புரிஞ்சுக்கிட்டேன். வாய விட்டு சொல்ல உனக்கு வெக்கம். கேக்க எனக்கு வெக்கம். அதான் நானும் என் பங்குக்கு துண்ட மாத்தி மாத்தி வெச்சு இழுத்தடிச்சேன். ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து ஊரை ஏமாத்தறோம்னு ஒரே குஷி எனக்கு. நன்றின்னு வேற சொன்னேன், இந்த வயசுல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நாற்பத்தி நாலு வருஷத்தில் முதல் தடவையாக இந்தப் பொம்பளை தன்னை நல்லவள் என்று நம்பியிருக்கிறாள், ரெண்டு மாதமாக அந்த நம்பிக்கையில் கஞ்சி குடித்திருக்கிறாள். மார்லிஸ் ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். தோள் விண்ணென்று தெறித்தது.

"இல்ல, ஹெர்மினா" என்றாள். "வேணும்னு வெக்கல. அதுக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. எந்தப் பக்கம்னு பாக்காம விரிச்சுட்டேன். அசதி. வேற ஒண்ணும் இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமா."

சிரித்த பாதி முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எப்படி இறங்குவது என்று தெரியாத மாதிரி. பிறகு இறங்கியது. ஹெர்மினா ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தன் செத்த கையை எடுத்து மடியில் நேராக வைத்தாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, மார்லிஸ்."

"சொல்லியிருப்பேன். சொன்னா நாளைக்குக் காலைல உன்னத் தூக்கணும்." மார்லிஸ் அழுதுகொண்டே பேசினாள், துடைத்துக்கொள்ளவில்லை. "என்னால முடியலடி. ஆசை இல்லாம இல்ல. முடியல."

வெளியே பாதையில் பால் லாரி ஒன்று பனியை அரைத்துக்கொண்டு போனது.

"தெரியும்" என்றாள் ஹெர்மினா. "பாத்ரூம்லயே தெரிஞ்சுது. பசைத்துணி மிச்சம் இருக்கா?"

இருந்தது. மார்லிஸ் கொண்டுவந்து புதுப் படுக்கை விரிப்பு ஒன்றின் மேல் விரித்தாள். ஹெர்மினா ஒன்றும் கேட்காமலேயே வலது கைக் கட்டைவிரலை மூலையில் வைத்துத் தேய்த்தாள். திருப்பிப் போடச் சொன்னாள். மறுபடி தேய்த்தாள். "ம், இதான்" என்றாள்.

மார்லிஸ் முட்டி போட்டுத் தரையில் கிடந்த சதுரங்களைப் பொறுக்கி மடியில் சேர்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது எங்கே, இது எங்கே என்று கேட்டாள். ஹெர்மினா லென்ஸைத் தொடவே இல்லை.

"எங்க வேணா வை" என்றாள்.

மார்லிஸ் வைத்துக்கொண்டே போனாள். இருட்டும் வெளிச்சமும் எப்படி எப்படியோ விழுந்தன. பொழுது சாயும் நேரத்துக்குக் கட்டம் எல்லாம் நிறைந்தது. இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சைப் போட்டுச் சூடேறும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சூடேறினதும் மார்லிஸ் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இப்படிக் குடு" என்று ஹெர்மினா நல்ல கையை நீட்டினாள்.

"கனமா இருக்கும். நான் போடறேன்."

"வேணாம். நீ போட்டா நீ அனுப்பின மாதிரி ஆயிடும்" என்றாள் ஹெர்மினா. "குடு. நானே போறேன்."

மார்லிஸ் இஸ்திரிப்பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வயர் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியை மேசை ஓரமாக மெதுவாகத் தள்ளினாள்.